மாசியில் வந்த சாம்பல் கொக்கு

1

பறவை பார்ப்பது மனதுக்கு அமைதி தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்காக மூன்று திங்கட்கிழமை நின்றவன் நான். ஹாலந்துக்கு வந்த பிறகு நான் யார், என் அப்பா யார், எனக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை என்று நகராட்சிக்காரர்களுக்கு விளக்கியே இரண்டு வருடத்தைக் கழித்தவன். இந்த இரண்டு இடத்திலும் கேட்காத கேள்விகளை, ஒரு கொக்கைப் பார்த்தேன் என்று சொல்கிறவரிடம் படிவம் போட்டுக் கேட்கிறார்கள். எத்தனை மீட்டர் தூரம்? வெயில் உங்கள் முதுகில் அடித்ததா, முகத்தில் அடித்ததா? எத்தனை நிமிடம் பார்த்தீர்கள்? இது வேறு பறவையாக இருக்க முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியை என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

என் மகள் எழிலுக்கு இந்தப் படிவங்கள் என்றால் உயிர். பதினாறு வயது. ஆசை ஆசையாக நாங்கள் வைத்த பெயர் டச்சுக்காரர் வாயில் நுழைந்தால் கழுதை என்று ஆகிவிடுகிறது. அவர்கள் மொழியில் கழுதைக்கு ஏறக்குறைய அதே சத்தம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பெயரை எல்லி என்று சுருக்கிக்கொண்டாள். ஆம்பூர்ப் பக்கத்தில் இருக்கும் என் தங்கை மல்லிகாவுக்குப் போனில் இதைச் சொன்னபோது, "கழுதைல இருந்து எலிக்கு எறங்கிட்டாளா?" என்று அரை மணி நேரம் சிரித்தாள். எழிலுக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. அதன் பிறகு அத்தையோடு பேசச் சொன்னால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள்.

என்னோடும் பெரிய பேச்சு கிடையாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். குளிருதா, இல்லை. பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எங்கள் தெரு நாய் என்னைப் பார்த்து வாலாட்டுகிறது. நான் பெற்ற பெண் மட்டும் ஏதோ வாடகைக்கு வந்தவள் மாதிரி என்னைத் தாண்டிப் போகிறாள். தப்பு யார் பேரில் என்று யோசித்து யோசித்துப் பார்த்து, விட்டுவிட்டேன்.

ஆனால் பறவையைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பாள். குளிர்காலம் முடியும் நேரம்தான் அவளுக்குத் திருவிழா. வந்த பறவைகள் கிளம்புவதற்கு முன்னால், எந்த ஏரியில் எந்த அபூர்வம் இறங்கியிருக்கிறது என்று இவளைப் போன்றவர்கள் வாராவாரம் பட்டியல் போடுவார்கள். போன வருடம் ஒரு நாள் பார்த்தால், அவள் கம்ப்யூட்டரில் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மூன்று மாவட்டத்தின் வரைபடம், பறவை பார்த்த இடத்திலெல்லாம் புள்ளி வைத்தது, திறந்திருக்கிறது. திமிரிப் பக்கத்து வயலில் பூனைப்பருந்து என்று ஒரு புள்ளி. திமிரி வழியாக நூறு தடவை பஸ்ஸில் போயிருப்பேன். அங்கே எனக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டும் ஒரு டீக்கடையும்தான்.

"உங்க ஊர்ல புள்ளி கம்மி," என்றாள் எழில். கம்மி என்கிற வார்த்தை என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. "பறவை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன்.

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஷூ விற்கும் ஒரு கம்பெனியில் நான் ஷேட், அதாவது தோலின் நிறம், பார்க்கிறவன். பிரவுன் என்று நீங்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு நாற்பது இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கற்றுக்கொண்ட கண் இது. ஊர்ப் பெயரையும் டேனரிப் பெயரையும் எழுதப்போவதில்லை, காரணம் போகப்போகத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டேனரிக்காரர் சாயம் போட்ட சாம்பிள் தோலில் ஒரு துண்டு அனுப்புவார். நிறம் சரி என்றால் அந்தத் துண்டை இரண்டாக வெட்டி, இரண்டின் பின்பக்கத்திலும் நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு பாதி என்னிடம், மறுபாதி டேனரியில். நாளைக்கு லாரி லாரியாகத் தோல் வரும்போது நிறம் மாறிவிட்டது என்று சண்டை வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு மேல் பேச்சில்லை.

இந்த வருடம் தை மாதம் நான் கையெழுத்துப் போட்டது ஒரு சாம்பல் நிறத்துக்கு. மழை வரப்போகும் மேகத்தில் கொஞ்சம் நீலத்தைக் கரைத்தது போல. டேனரியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கிய நிறம். அதில் ஒரு குறை இருந்தது. வீட்டு மஞ்சள் விளக்குக்கு அடியில் வைத்தால் ஓரத்தில் ஊதா அடிக்கும். நான்கு தடவை திருப்பி அனுப்பினேன், ஊதா போகவில்லை. இதற்கு மேல் நாள் இல்லை என்று ஐந்தாவது தடவை ஒத்துக்கொண்டேன். தோலையும் அந்தச் சாயத்தையும் போட்டுச் சுழற்றும் டிரம்மை ஓட்டுகிறவன் என் தங்கை புருஷன் சேகர். நான் அங்கே வேலை பார்த்த காலத்திலேயே அவனும் அங்கேதான். மல்லிகாவைக் கட்டிக்கொண்டது அதற்கப்புறம்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேகரிடமிருந்து போனில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் ஊர் ஏரி. சேற்றில் ஒரு கொக்கு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறது. வயிறும் மார்பும் சாம்பல், முதுகு திட்டுத் திட்டாக, கழுத்து வெள்ளை. கீழே சேகர் எழுதியிருந்தது ஒரே வரி. "கலரப் பாரு மச்சான்."

பார்த்தேன். அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதுதான் இந்தக் குறிப்பு முழுவதும் நான் தேடிக்கொண்டிருக்கும் விஷயம். வயிற்றில் ஏதோ புரண்டது, அது நிச்சயம். ஆனால் எங்கள் தொழிலில் முதல் பாடமே போட்டோவில் ஷேட் பார்க்காதே என்பதுதான். காமெரா ஒரு பொய் சொல்லும், போன் திரை இன்னொரு பொய் சொல்லும். நானே எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன். அந்தப் பாடத்தை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டதும் வயிறு அடங்கிவிட்டது.

எழில் எதிரே உட்கார்ந்து பாலில் எதையோ ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளிடம் பேச ஒரு சாக்கு கிடைத்ததே என்று போனை நீட்டினேன்.

"மாமா அனுப்பியிருக்காரு. இது இன்னா கொக்கு?"

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். போனை வாங்கிப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், எழுந்து போய்ப் புத்தகம் கொண்டுவந்தாள். பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு, என் நினைவில் ஐந்தாறு வருடத்தில் முதல் தடவையாக, என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா, இது கடலோரக் கொக்கா இருக்கலாம். கடற்கரையை விட்டு உள்ளே வராது. அதுல சிலது வெள்ளை, சிலது சாம்பல், சிலது இப்படிக் கலந்து. உங்க ஊருக்குக் கடல் எவ்வளவு தூரம்?"

"அது கெடக்குது இருநூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட."

"அய்யோ!" என்றாள். தமிழில் அய்யோ என்றாள்.

3

அன்றைக்கே படிவம் திறந்தாகிவிட்டது. அந்த மூன்று மாவட்டத்து வரைபடத்தை வைத்திருக்கிறவர்களுக்குத்தான். இடம், நேரம், பார்த்தவர் சேகர், அனுப்புகிறவர் எழில். எல்லாவற்றையும் சேகருக்குப் போன் போட்டுக் கேட்டாள். குளியலறைத் தாழ்ப்பாள்காரி, தானாக, தன் போனிலிருந்து. அவளுடைய தமிழும் சேகருடைய தமிழும் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலெல்லாம் மல்லிகா நடுவே புகுந்து வழி செய்தாள். "ஏரில தண்ணி ஜாஸ்தியா கம்மியான்னு கேக்குது உன் பொண்ணு. எனக்கே தெரியாது அண்ணா, போய்ப் பாத்துட்டு வர்றேன்," என்று மல்லிகா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது போனில் கேட்டது.

நிறம் என்று ஒரு கட்டம் வந்தது. எழில் என் பக்கம் திரும்பினாள்.

"நீதான கலர் ஆளு. சொல்லு. எந்தச் சாம்பல்?"

என் வேலையைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. தோல் என்றாலே மூக்கைச் சுளிப்பவள். இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். "வெளிர்சாம்பல் இல்ல. நடுத்தரமான சாம்பல், அதுல கொஞ்சம் நீலம். பச்சை துளியும் இல்ல. அடியில அழுத்தம், மேல போகப்போக மங்கல்." அவள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டாள். தோல் நிறத்தில் முப்பது வருட அனுபவம் உள்ள என் தந்தையின் விவரிப்பு என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள். அதை எனக்குப் படித்தும் காட்டினாள்.

நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அந்தச் சாம்பலுக்கு என் ஃபைலில் ஒரு நம்பர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் அதைவிடக் கெட்டிக்காரன், பூசணிக்காயை வர்ணித்தே மறைத்தேன். ஆனால் அன்றைக்கு அப்படி நினைத்தேனா என்று கேட்டால், அதுதான் குழப்பம். போட்டோவில் ஷேட் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீடு வேறு வீடு. சாப்பாட்டின்போது எழில் பேசினாள். பாலாறு ஏன் வறண்டு கிடக்கிறது என்று கேட்டாள். டேனரிகள் ஏன் ஏரிக்கும் ஆற்றுக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன என்று கேட்டாள். தோலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றேன். என் சின்ன வயதில் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தே எந்த டேனரியில் அன்றைக்கு எந்த நிறம் ஓடுகிறது என்று பசங்கள் சொல்லிவிடுவோம் என்று கதையளக்க வாய் எடுத்து, பாதியில் சாம்பாரை ஊற்றச் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் அப்படி விட முடியாது, சட்டம் இருக்கிறது, குழாய் இருக்கிறது, சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதனால் சொல்ல ஒன்றுமில்லை என்று அதற்கும் ஒரு சமாதானம்.

என் மனைவி ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இவ அடுத்த வருஷம் ஊருக்கு வரேங்கறா. நீங்க சொல்லி வரலை, நான் சொல்லி வரலை. ஒரு கொக்கு சொல்லி வரா," என்றாள். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஓடியது வேறு கணக்கு. கொக்கின் நிறம் வெறும் சாயம் என்றால் அந்தப் பயணம் கிடையாது, பேச்சு கிடையாது, மறுபடியும் சாப்பிட்டியா சாப்பிட்டேன். ஒரு பறவையின் வயிற்றில் என் மகள் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு படிவக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. எழுதியவர் வேலூரில் ஏதோ கல்லூரியில் பாடம் நடத்துகிறவராம். மிகவும் முக்கியமான பதிவு, ஆனால் அலகு தெரியவில்லை, தெளிவான படம் கிடைத்தால் முடிவு செய்யலாம் என்று எழுதியிருந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை கம்பெனி என்னை ஆம்பூர்ப் பக்கம் அனுப்பும். மாசிக் கடைசியில் பயணம். எழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள், தமிழில், தன் கையால். "மூக்கு. கால். தொண்டை. கிட்ட போகாதே, பயப்படும்." அலகு என்கிற சொல் அவளுக்குத் தெரியாது.

4

காலை ஆறரைக்கு சேகர் பைக்கோடு வாசலில் நின்றான். ஐம்பதை நெருங்குகிறவன். இரண்டு கை விரல் நகமும் எந்தக் காலத்திலோ ஏறிய கறுப்பு. நேராக ஏரிக்கரையில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினான்.

கொக்கு போட்டோவில் பார்த்த அதே சேற்றில், மதகுப் பக்கம் நின்றது. எழில் கொடுத்தனுப்பிய காமெராவை எனக்குச் சரியாகப் பிடிக்கத் தெரியாது, ஆனாலும் கிட்டே இழுத்துப் பார்த்தேன். அலகு ஒல்லியாக, கறுப்பாக, ஊசி மாதிரி. கால் கறுப்பு, பாதம் மஞ்சள். கடலோரக் கொக்குக்கு அலகு தடிமனாக இருக்கும் என்று எழில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். இது நம் வயற்காட்டுக் கொக்கு. அதன் சாம்பலோ தண்ணீர் தொடும் இடத்திலிருந்து மேலே ஏறியிருந்தது. வேட்டியைச் சாயத்தில் பாதி முக்கி எடுத்தால் கறை எப்படி ஏறும், அப்படி. படம் எடுத்தேன். நாலைந்து வீணாகப் போயின.

"மச்சான்," என்றான் சேகர். "உம் பொண்ணு தெனம் போன் பண்ணுது. கொக்கு சாப்புடுதா, கூட ஜோடி இருக்குதா, பறக்கறப்ப கழுத்த மடக்குதான்னு. எனக்கு பேஜாரா பூட்சு. இன்னா சொல்றதுன்னு தெரியல."

"நீ எதுக்குடா போட்டோ அனுப்பின?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "கலரப் பாருன்னு எழுதினேனே. உனக்குத் தெரியலையா? நான் ஓட்டின டிரம்மு, நீ போட்ட கையெழுத்து. நீ பாத்தவுடனே போன் பண்ணுவன்னு பாத்தேன். நீ பண்ணல. உம் பொண்ணு பண்ணுச்சு."

நடந்ததைச் சொன்னான். சுத்திகரிப்புக்குப் போகும் குழாய் தை மாதக் கடைசியில் உடைந்திருக்கிறது. ஆர்டர் அவசரம். ரிப்பேர் முடியும்வரை டிரம்மை நிறுத்த யாருக்கும் மனமில்லை. பத்துப் பன்னிரண்டு நாள், சாயத் தண்ணீர் பின்பக்க ஓடை வழியாக ஏரிக்கு வந்திருக்கிறது. தோலுக்குப் போடும் சாயம் இறகையும் விடாது, கம்பளி மாதிரி கவ்விக்கொள்ளும். ஓடை வாயில் மீன் மிதந்திருக்கிறது. மீன் மிதந்தால் கொக்கு வராமல் இருக்குமா. கொக்குக்கு ஒன்றே மதி, அது வயிறு முங்க நின்று தின்றிருக்கிறது.

"இப்ப குழாய் சரி பண்ணிட்டாங்க. ஓட சுத்தமா கீது, வேணும்னா வந்து பாரு. நான் அங்க சொல்ல முடியுமா மச்சான்? சொன்னா மறுநாள் வேற ஆளு டிரம்மு ஓட்டுவான். நீ பெரிய கம்பெனி. நீ ஒரு வார்த்த கேட்டா கேப்பாங்க. அதுக்குத்தான் அனுப்பினேன். நீ அத எடுத்துப் புள்ள கையில குடுத்துட்ட."

ஆர்டரை அவசரப்படுத்தியது யார்? நான்கு தடவை திருப்பி அனுப்பி ஒரு மாதத்தைத் தின்றுவிட்டு, சரக்கு மட்டும் சொன்ன தேதிக்கு வேண்டும் என்று கடிதம் போட்டது யார்? சேகர் அதைக் கேட்கவில்லை. அவன் கேட்காததால் எனக்கு அவன் மேல் கோபம் வந்தது. எதற்கு இந்தக் கோபம் என்று எனக்கே விளங்கவில்லை.

கொக்கு இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கோதியதில் சின்னதாக ஒன்று உதிர்ந்து சேற்றில் ஒட்டியது. கொக்கு நகர்ந்ததும் சேகர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தான். "காயிதத்துல மடிச்சு வெச்சுக்கோ," என்றான்.

5

டேனரி லேபில் ஷேட் பார்க்க ஒரு பெட்டி உண்டு. உள்ளே சாம்பல் பூசி, மூன்று நான்கு வகை விளக்கு பொருத்தியிருக்கும். ஒன்று பகல் வெளிச்சம், ஒன்று கடை வெளிச்சம், ஒன்று வீட்டு மஞ்சள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு நிறத்தை அதில் வைத்து விளக்கை மாற்றினால் குட்டு வெளிப்படும். வேறு வேறு சாயமாக இருந்தால் ஒரு விளக்கில் ஒட்டி நிற்பவை இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். ஒரே சாயம் என்றால் எந்த விளக்கிலும் சேர்ந்தே சாயும்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். என் கையெழுத்துப் போட்ட பாதித் துண்டை வைத்தேன். பக்கத்தில் இறகை வைத்தேன். பகல் விளக்கில் இறகு ஒரு படி வெளிறித் தெரிந்தது, சாயல் ஒன்றுதான். கடை விளக்கில் இரண்டும் சேர்ந்தே கொஞ்சம் பச்சைக்கு ஒதுங்கின. மஞ்சள் விளக்கைப் போட விரல் வரவில்லை. ஊதா அடிக்காமல் இருக்கட்டும் என்று, கோயிலுக்கே போகாதவன், எந்தச் சாமியையோ வேண்டிக்கொண்டேன்.

போட்டேன். தோல் துண்டின் ஓரத்தில் ஊதா. இறகின் ஓரத்திலும் அதே ஊதா.

நான்கு தடவை திருப்பி அனுப்பியும் போகாத அந்த ஊதாவை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். இப்போது பார்த்ததாகச் சொல்வது பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்தபோதே என் வயிறு சொன்னது இதைத்தான்.

மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்ததும் குழாயைப் பற்றிக் கேட்டேன். நல்ல மனிதர். ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "ஒரு பத்து நாள் பிராப்ளம் சார், இப்ப கிளியர். பேப்பர் எல்லாம் இருக்கு," என்று ஃபைலைத் திறந்து காட்டினார். பேப்பர் எல்லாம் இருந்தது. அந்தப் பத்து நாளுக்கும், தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போனதாகவே இருந்தது. பிறகு அதே மூச்சில் அடுத்த லாட்டின் துண்டை நீட்டினார், அதே சாம்பல், கையெழுத்துக்காக. லாரி காத்திருக்கிறது என்றார். குழாய் சரியாகிவிட்டது என்று சேகரும் சொன்னான், ஓடையை நானே போய்ப் பார்த்தேன், தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கையெழுத்தைப் போட்டேன். அன்று சாயங்காலம் என் கம்பெனிக்கு அந்தப் பத்து நாளைப் பற்றி ஒரு கடிதமும் எழுதினேன், சேகர் பெயர் வராமல். அடுத்த ஆய்வில் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. செய்தது சரியா தவறா என்று இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கிறேன், இரண்டு பக்கமும் என் கையெழுத்துதான் தெரிகிறது.

இறகை விமானத்தில் கொண்டுபோகக் கூடாது. டேனரி ஃபைலில், துண்டோடு சேர்த்துப் பின் குத்தி வைத்துவிட்டு வந்தேன். யாராவது பார்த்திருப்பார்கள்.

6

விமான நிலையத்துக்கு எழில் வந்திருந்தாள். என்னை அழைத்துப் போக அவள் வந்தது அதுதான் முதல் தடவை. பையைக்கூட வாங்கவில்லை, "மூக்கு?" என்றாள்.

ரயிலில் உட்கார்ந்ததும் காமெராவைக் கொடுத்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அலகு தெரிந்த படத்தில் விரல் நின்றது. பெரிதாக்கினாள். கண்ணை என் பக்கம் திருப்பாமல், "ஒல்லி," என்றாள்.

"ஆமா."

"சாதாரணக் கொக்கு. அப்ப இந்தக் கலர்?"

காமெராவை அவள் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன். பிறகு சொன்னேன். குழாய், ஓடை, டிரம், மஞ்சள் விளக்கு, ஊதா, என் கையெழுத்து, எல்லாம். பாதி தமிழில், பாதி டச்சில். மகளிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே கிடையாது, அதுவும் மனதில் ஓடியது.

முடித்ததும் கேட்டாள். "முதல் நாள் போட்டோ பார்த்தப்பவே உனக்குத் தெரியுமா?"

"போட்டோவில் ஷேட் பார்க்கக் கூடாது எழில். எங்க வேலையில அது முதல்..."

"நான் உன் வேலையைக் கேட்கலை. உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே வயல், மாடு, கால்வாய் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றலாமா என்றுகூடப் பார்த்தேன்.

"தெரியும்," என்றேன்.

அவள் போனை எடுத்தாள். அங்கேயே, என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, பதிவை வாபஸ் வாங்கும் படிவத்தைத் திறந்தாள். அதற்கும் காரணம் கேட்கும் ஒரு கட்டம் இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் வேகமாக அடித்தாள். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். நிறத்தை விவரித்தவர் தவறாக விவரித்தார் என்று எழுதியிருந்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'தவறாக' என்பதை அழித்துவிட்டு, நிறத்தை விவரித்தவருக்கு உண்மை தெரியும் என்று மாற்றி அனுப்பிவிட்டாள். அவள் எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை.

வீட்டில் மறுபடியும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ஊருக்குப் போகிற பேச்சு நின்றுவிட்டது. நானும் கேட்கவில்லை. ஒரு கொக்கு கட்டிய பாலம் கொக்கோடு போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மல்லிகா போன் பண்ணினாள். ஊர்ச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டு, "எழில் நேத்து ஒரு மணி நேரம் பேசிச்சு அண்ணா," என்றாள்.

"இன்னா பேசினா?"

"கொக்கு இன்னும் கீதா, வெள்ள றெக்க மொளைக்குதான்னு கேட்டுச்சு. அவரு தெனம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றாரு, அது எழுதிக்குது. அந்த வேலூர் காலேஜ் சார் கிட்டயும் பேசிச்சாம், சாயம் எறங்க எத்தன நாளாவும்னு. ஒருத்தரும் எழுதி வெச்சதில்லையாம். அடுத்த மாசிக்கு வந்து பாக்கறேன்னுது. எங்க வீட்லயே தங்கறேன்னுது." பிறகு கேட்டாள், "உங்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"தனியா வர்றேன்னுது அண்ணா. அப்பா கூட வேணாம்னுது. இன்னா ஆச்சு உங்களுக்குள்ள?"

அடுத்த அறையில் எழில் யாரோடோ டச்சில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. ஒன்றும் இல்லை, வரட்டும், உனக்கு ஒரு துணை ஆச்சு என்று மல்லிகாவிடம் சொன்னேன். எழில் ஊருக்குப் போகிறாள் என்பதற்குச் சந்தோஷப்படுவதா, நான் வேண்டாம் என்பதற்கு அழுவதா என்று தெரியாமல், மல்லிகா போனை வைத்த பிறகும் என் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.